கட்டை விரல் பேசாது!

"மை எதுக்குத் தம்பி? ஓட்டா போடப் போறோம்?"

பாட்டி கேட்டது நியாயமான கேள்விதான். என் கையில் இங்க் பேட். தோளில் ஜோல்னாப் பை. பைக்குள் நாற்பது கேள்வித்தாள்கள். ஒவ்வொன்றிலும் எழுபத்திரண்டு கேள்விகள். 1994, ஐப்பசி மாதம். தாளடி நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம். ஊர்ப் பெயர் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஏன் என்பது படித்து முடிப்பதற்குள் உங்களுக்கே புரிந்துவிடும்.

நான் அப்போது கல்லூரி மாணவன். விவசாயக் கூலிகளின் வாழ்க்கை நிலை பற்றி ஒரு சர்வே. ஒரு ஃபாரத்துக்குப் பன்னிரண்டு ரூபாய். தினம் பத்து ஃபாரம் முடித்தால் நூற்றியிருபது. எங்கள் வயசுக்கு அது ராஜ சம்பளம்! ஒருநாள் 'டிரெய்னிங்' கொடுத்தார்கள். அதில் சூப்பர்வைசர் மூன்று முறை அழுத்திச் சொன்ன பாடம் ஒன்றே ஒன்றுதான்.

"முதல்ல கடைசிப் பக்கத்துல கைநாட்டு வாங்கிடு. அப்புறம் கேள்வி கேளு. ஆள் பாதியில எழுந்து போனாலும் ஃபாரம் செல்லும்!"

அந்தக் கடைசிப் பக்கத்தில் என்ன இருந்தது? 'இந்த ஆய்வின் நோக்கம் எனக்கு விளக்கப்பட்டது. நான் முழு மனதுடன் சம்மதிக்கிறேன்.' விளக்கியது யார்? யாரும் இல்லை. முழு மனது யாருடையது? தெரியாது. விரல் மட்டும் பாட்டியுடையது.

"சும்மாதான் பாட்டி, கவர்மென்ட்ல கேக்குறாங்க" என்றேன். அதுவும் பொய். அது கவர்மென்ட் சர்வே இல்லை. பாட்டி விரலை நீட்டினார். உருட்டினேன். மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நடவுக்கு என்ன கூலி பாட்டி?"

"பேசுறது ஒண்ணு. கையில வர்றது ஒண்ணு. தம்பி எதை எழுதப் போறீங்க?"

நான் கெட்டிக்காரன் இல்லையா? "ரெண்டையும் சொல்லுங்க" என்றேன். சொன்னார். பெரிய வீட்டில் எவ்வளவு பிடித்துக்கொள்கிறார்கள், யாரிடம் எவ்வளவு கடன், போன அறுப்பில் நெல் அளந்த மரக்கால் எப்படிக் குறைந்தது, எல்லாம். மணிமணியாக எழுதிக்கொண்டேன்.

அன்று ராத்திரி எங்கள் கோஷ்டிக்குத் தங்க இடம் கொடுத்தது யார் தெரியுமா? சாட்சாத் அதே பெரிய வீடு! ஊரில் மின்விசிறி இருந்த திண்ணை அது ஒன்றுதான். காபியும் பிரமாதம். பையை ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்கிப்போனேன். காலையில் கண் விழித்தால், கணக்குப்பிள்ளை மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்து என் ஃபாரங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கே தம்பி!" என்று பாராட்டு வேறு.

மறுநாள் நடவுக்கு ஆள் கூப்பிட்டபோது பாட்டியைக் கூப்பிடவில்லை. அவர் மருமகளையும் கூப்பிடவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்த பாட்டி என்னைத் திட்டக்கூட இல்லை. "எழுதுனது நீங்க. கை என்னோடதுல்ல, தம்பி" என்றார். அவ்வளவுதான்.

நூறு வருஷக் கேள்வி

தமிழ்நாட்டில் அதிகம் கேள்வி கேட்கப்பட்ட மண் எது என்று போட்டி வைத்தால், காவிரி டெல்டா முதல் ரவுண்டிலேயே முன்னுக்கு வந்துவிடும்.

1915ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர். மறு வருஷமே கேள்வித்தாளைக் கொடுத்து மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிவிட்டார். அந்தக் கிராமங்களில் ஒன்று பாலக்குறிச்சி. அன்றைக்குத் தஞ்சாவூர் ஜில்லா, இன்றைக்கு நாகப்பட்டினம் மாவட்டம். 1918ல் அது புத்தகமாக வந்தது. 1937 வாக்கில் அதே பல்கலைக்கழகத்திலிருந்து மறுபடி போய்க் கேட்டார்கள். பிறகும் கேட்டார்கள். 2019லும் ஒரு குழு போய் வீடு வீடாகக் கேட்டது. கொள்ளுத்தாத்தா சொன்ன பதிலைக் கொள்ளுப்பேரன் சரிபார்க்கலாம்!

அடுத்து, 1951ல் கேம்பிரிட்ஜில் படித்த கேத்லீன் கஃப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி வந்தார். ஜில்லாவின் மேற்கே ஒரு கிராமம், கிழக்கே ஒரு கிராமம் என்று 1953 வரை தங்கி ஆராய்ந்தார். கும்பாபேட்டை, கிரிப்பூர் என்று அவற்றுக்குப் பெயர். பத்து வருஷம் கழித்து, 1961ல் டெல்லியிலிருந்து ஆந்த்ரே பெத்தேய் வந்தார். அவர் ஆராய்ந்த ஊர் ஸ்ரீபுரம். அதை வைத்து 1965ல் அவர் எழுதிய ஜாதி, வர்க்கம், அதிகாரம் பற்றிய புத்தகத்தை இன்றைக்கும் சமூகவியல் வகுப்புகளில் படிக்கிறார்கள்.

சரி, தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி "கும்பாபேட்டை ஒண்ணு கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். அது புனைபெயர். கிரிப்பூரும் ஸ்ரீபுரமும்கூட அப்படித்தான். ஆராய்ந்தவர்களே ஊர்ப் பெயரை மாற்றிவிட்டார்கள்.

எதற்கு இந்த ஒளிவுமறைவு? கஃப் வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 1952ல், ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோதுதான் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மிராசுதாருக்கும் சாகுபடிக்காரருக்கும் நடுவே நெருப்புப் பற்றியிருந்த நேரம். அப்போது ஒரு குத்தகைக்காரர் வாய் திறந்து, 'இத்தனை மா சாகுபடி பண்றேன், இத்தனை கலம் அளக்கிறேன்' என்று சொன்னால் ஆராய்ச்சியாளருக்கு அது ஒரு புள்ளிவிவரம். சொன்னவருக்கு அது நிலம். கூலிப் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்த மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. கூலிப் போராட்டத்தின் பின்னணியில் 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் குடிசைக்குள் எரிந்து செத்தவர்கள் 44 பேர்.

பெத்தேய்க்கு இன்னொரு சங்கடம். தங்குவதற்கு அவருக்கு இடம் கிடைத்தது அக்ரஹாரத்தில். அங்கே குடியிருந்துகொண்டு ஆதிதிராவிடர் தெருவுக்கு இஷ்டப்படி போய்வர முடியாது. போனாலும் 'இவர் அந்தத் தெரு ஆள்' என்றுதான் பார்ப்பார்கள். இதை அவர் மறைக்கவில்லை. தன் ஆராய்ச்சியின் குறை என்று எழுதியே வைத்தார். எங்கே தங்குகிறோம் என்பதும் ஆராய்ச்சியின் ஒரு பகுதி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முப்பது வருஷம் கழித்துப் பெரிய வீட்டுத் திண்ணையில் பையை மாட்டிய எனக்குத் தெரியவில்லை.

ஊசிக்கும் இதே கதைதான்

கேள்வி கேட்பதிலேயே இவ்வளவு என்றால், ஊசி போடுவதில்?

இரண்டாம் உலகப் போரில் நாஜி டாக்டர்கள் சிறைக் கைதிகளின் உடம்பில் செய்த கொடுமைகளை விசாரித்த நியூரம்பெர்க் கோர்ட், 1947ல் பத்து விதிகளை எழுதிவைத்தது. முதல் விதி: சம்பந்தப்பட்ட ஆள் தானாக விரும்பிச் சம்மதிக்க வேண்டும். 'ஹிட்லர் ஆட்கள்தானே அப்படி, நாகரிக தேசங்களில் நடக்குமா' என்று நினைத்தால், அமெரிக்காவைப் பாருங்கள். டஸ்கீகீ என்ற ஊரில் சுமார் 600 கறுப்பின ஏழை ஆண்களை 1932லிருந்து 1972 வரை அரசாங்க டாக்டர்களே கவனித்து வந்தார்கள். அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் என்ற மேகநோய். நடுவில் பென்சிலின் வந்துவிட்டது. கொடுத்தார்களா? இல்லை! நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'உங்களுக்குக் கெட்ட ரத்தம், வைத்தியம் பார்க்கிறோம்' என்று சொல்லி வைத்திருந்தார்கள். நான் பாட்டியிடம் சொன்ன 'கவர்மென்ட்ல கேக்குறாங்க' மாதிரி.

நம் ஊருக்கு வருவோம். 2009ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பள்ளி வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசியைப் பரீட்சார்த்தமாகப் போட்டார்கள். நடுவில் ஏழு பெண்கள் இறந்தார்கள். 2010ல் திட்டத்தை நிறுத்தினார்கள். விசாரணையில், சாவுக்கும் ஊசிக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை என்றார்கள். தடுப்பூசி நல்ல தடுப்பூசிதான். உலகம் முழுக்கப் போடுகிறார்கள். அதில் சண்டை இல்லை.

ஆனால், ஃபாரங்களை எடுத்துப் பார்த்தபோதுதான் வண்டவாளம் வெளியே வந்தது. ஆந்திராவில் 9,543 சம்மதப் படிவங்கள். அவற்றில் 1,948ல் வெறும் கைநாட்டு. 2,763ல் கையெழுத்துப் போட்டிருந்தது அப்பாவோ அம்மாவோ இல்லை, ஹாஸ்டல் வார்டன்! மகள் உடம்புக்குள் போகும் மருந்துக்கு வார்டன் சம்மதம். 2013ல் பார்லிமென்ட் நிலைக்குழு இதைக் கிழி கிழியென்று கிழித்தது. ஒரு நல்ல தடுப்பூசியின் மேல் ஜனங்களுக்கு வந்த சந்தேகம் தீர அதற்கப்புறம் எத்தனை வருஷம் ஆயிற்று!

குலுக்கலில் விழாத பெண்கள்

அதே புற்றுநோய் பற்றி இன்னொரு கதை. இது நம் திண்டுக்கல்லில் நடந்தது. இதில் யாரையும் சுலபமாக வில்லன் ஆக்க முடியாது. அதனால்தான் இதை யோசிக்க வேண்டியிருக்கிறது.

கர்ப்பப்பை வாயில் வினிகர் மாதிரியான நீர்த்த அமிலத்தைத் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால், கோளாறான இடம் வெள்ளையாகத் தெரியும். பெரிய லேப் வேண்டாம். பயிற்சி பெற்ற நர்ஸே செய்துவிடலாம். செலவும் கொஞ்சம்தான். ஆனால், இப்படிப் பார்ப்பதால் நிஜமாகவே உயிர் பிழைக்கிறதா? அதைத் தெரிந்துகொள்ள 2000ல் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆய்வு ஆரம்பித்தார்கள். 114 பகுதிகளைக் குலுக்கிப் போட்டார்கள். 57 பகுதிகளில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்குப் பரிசோதனை. மற்ற 57ல் பரிசோதனை கிடையாது, வழக்கமாக இருக்கிற வைத்திய வசதி மட்டும். முதல் பக்கம் 49,311 பெண்கள். மறு பக்கம் 30,958 பெண்கள்.

2007ல் முடிவு வெளியானது. பரிசோதனை செய்த பக்கத்தில் புற்றுநோய் 25 சதவிகிதம் குறைவு. சாவு 35 சதவிகிதம் குறைவு. பெரிய வெற்றி! அந்த வருஷமே தமிழ்நாடு அரசு இதே எளிய முறையில் பரிசோதனை செய்யும் முன்னோடித் திட்டத்தை இரண்டு மாவட்டங்களில் துவக்கியது. ஒன்று தேனி. இன்னொன்று எது? நம் தஞ்சாவூர்! பிறகு எல்லா மாவட்டங்களுக்கும் வந்தது.

இப்போது கணக்கை மறு பக்கத்திலிருந்து போடுங்கள். ஒரு பக்கம் சாவு குறைந்தது என்றால், மறு பக்கம் குறையவில்லை என்றுதானே அர்த்தம்? திண்டுக்கல், மும்பை, உஸ்மானாபாத் என்று இந்த மாதிரி நடந்த மூன்று ஆய்வுகளிலும் சேர்த்து, பரிசோதனை கிடைக்காத பக்கத்தில் 254 பெண்கள் இறந்தார்கள் என்று 2014ல் ஓர் அமெரிக்க டாக்டர் எழுதினார். பெரிய சர்ச்சை. ஆய்வு செய்தவர்கள் பதில் சொன்னார்கள்: 'இந்தியக் கிராமங்களில் அப்போது யாருக்குமே இந்தப் பரிசோதனை கிடையாது. நாங்கள் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லை. இந்த ஆய்வு இல்லாவிட்டால் இன்றைக்கும் யாருக்கும் கிடைத்திருக்காது.'

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். பரிசோதனை கிடைக்காத பக்கத்தில் இருந்த பெண்ணிடம், 'இப்படி ஒரு சோதனை இருக்கும்மா. உங்கள் ஊருக்குக் குலுக்கலில் விழவில்லை. நாங்கள் செய்ய மாட்டோம். வேண்டுமானால் இன்ன இடத்தில் போய்ச் செய்துகொள்ளலாம்' என்று அவளுக்குப் புரிகிற பாஷையில் சொல்ல வேண்டுமா, இல்லையா? ஊசி போட்டுக்கொள்கிறவரின் சம்மதத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். எதுவுமே கிடைக்காதவர்களுக்கும் சம்மதம் என்று ஒன்று உண்டு. தஞ்சாவூரில் ஒரு நிமிஷ சோதனையில் பிழைத்த ஒவ்வொரு பெண்ணுக்குப் பின்னாலும் திண்டுக்கல்லில் முகம் தெரியாத ஒரு பெண் நிற்கிறாள்.

உங்களிடம் நீட்டினால்?

'நமக்கென்ன சார், நாம் படித்தவர்கள், கையெழுத்துப் போடுகிறவர்கள்' என்கிறீர்களா? புது ஆப் ஒன்றை இறக்கும்போது நாற்பது பக்க நிபந்தனையை ஒரு செகண்டில் உருட்டிவிட்டு, 'சம்மதிக்கிறேன்' என்று எதனால் அழுத்துகிறீர்கள்? அதே கட்டை விரலால்தானே! பாட்டிக்காவது மை இருந்தது.

இளைஞர்களுக்கு இன்னொரு சமாச்சாரம். ஒரு கம்பெனி மருந்தை இன்னொரு கம்பெனி தயாரித்து விற்க வேண்டுமானால், இரண்டும் ரத்தத்தில் ஒரே அளவு சேர்கிறதா என்று காட்ட வேண்டும். அதற்கு ஆரோக்கியமான ஆட்கள் தேவை. சில நாள் தங்கல், சாப்பாடு, அடிக்கடி ரத்தம், கையில் பணம். வேலை தேடுகிற பையனுக்கு சபலம் தட்டும். இந்த ஆய்வுகள் தேவைதான். சரியாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால், போன மாதம் ஒரு இடம், இந்த மாதம் ஒரு இடம் என்று மறைத்து மறைத்துப் போவது உயிரோடு விளையாட்டு.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017ல் விரிவான நெறிமுறைகளை வெளியிட்டது. 2019ன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் இன்னும் கறார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருந்து, படித்துச் சொல்வதைக் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். புத்தம் புது மருந்தைப் பலவீனமான நிலையில் இருப்பவர்களிடம் சோதித்தால், சம்மதம் வாங்குவதை வீடியோவே எடுக்க வேண்டும். ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்:

1. இது எனக்கு வைத்தியமா, உங்களுக்கு ஆராய்ச்சியா? (இதைக் கேட்டாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.)

2. எனக்குக் கிடைப்பது நிஜ மருந்தா, வெறும் மாத்திரையா, குலுக்கலா?

3. ஏதாவது ஆகிவிட்டால் செலவும் நஷ்ட ஈடும் யார் பொறுப்பு?

4. பாதியில் வேண்டாம் என்றால் விடுவீர்களா? அப்புறம் என் வழக்கமான வைத்தியத்துக்கு மூஞ்சியைக் காட்ட மாட்டீர்களே?

5. எத்திக்ஸ் கமிட்டி யார், போன் நம்பர் என்ன? கையெழுத்துப் போட்ட ஃபாரத்தில் எனக்கு ஒரு காப்பி எங்கே?

மருந்து ஆய்வுக்காவது இத்தனை விதி. வீட்டு வாசலில் வந்து நிற்கும் சர்வேக்காரரைத் தடுக்க இவ்வளவு கறாரான சட்டம் இல்லை. அங்கே கேட்க வேண்டியவை வேறு: பணம் போட்டது யார்? என் பெயரை எடுத்துவிடுவீர்களா? இந்தப் பேப்பரை வேறு யார் பார்ப்பார்கள்? ராத்திரி எங்கே தங்குகிறீர்கள்?

கடைசிக் கேள்வி என் சொந்த அனுபவத்தில் சேர்த்தது.

இன்னொரு கேள்வியும் உண்டு. அதைக் கேட்டது பாட்டிதான். கிளம்புகிற அன்று, ஊர் எல்லையில், பை தோளில் தொங்க நான் தலை குனிந்து போனபோது, "ஏந் தம்பி, இவ்வளவு கேட்டீங்களே, கடைசியில என்ன தெரிஞ்சுதுன்னு எங்களுக்கு வந்து சொல்லுவீங்கல்ல?" என்றார்.

"கண்டிப்பா பாட்டி" என்றேன்.

ரிப்போர்ட் மறு வருஷம் வந்தது. இங்கிலீஷில். நல்ல பைண்டிங். நடவுக் கூலி பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டம். அதில் 'பேசியதைவிடக் குறைவாகக் கூலி பெறுவோர்' என்ற வரிசையில் ஓர் எண். அந்த எண்ணுக்குள் எங்கேயோ ஒன்றாகப் பாட்டி இருக்கிறார். அந்த ஒன்றுக்காக அவர் இழந்த நடவு எந்தக் கட்டத்திலும் இல்லை.

நான் அந்த ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை.

ஊர்ப் பெயரை ஏன் சொல்லவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். பாட்டியின் பேரன் பேத்திகள் அங்கே இருப்பார்கள். பெரிய வீடும் இருக்கும். எழுதுகிறவன் நான்தான். இந்த முறையும் பாட்டியிடம் கேட்கவில்லை.